மாஸ்டரின் வலது கை

அந்த அம்மாள் சேணத்தின் வாரை இழுத்து இறுக்குகிறார். குதிரையைக் கொஞ்சம் நடத்துகிறார். வாருக்கும் வயிற்றுக்கும் நடுவே விரலை நுழைத்துப் பார்த்து, இன்னும் ஒரு துளை ஏற்றுகிறார். திருப்தி வந்த மாதிரி, கால் வைத்து ஏறும் அங்கவடியைப் பிடிக்கிறார். பிடித்த கை வாருக்கே திரும்பிப் போகிறது.

"விட்டா குதிரைய ரெண்டாக் கட் பண்ணிருவீங்க" என்கிறார் லாயக்காரர்.

"நீங்க உங்க வேலையப் பாருங்கண்ணே."

ஊருக்கு வெளியே, டயர் கிடங்கை ஒட்டிய குதிரையேற்றப் பள்ளி. பள்ளிப் பிள்ளைகள் முதல் ஓய்வுபெற்ற வங்கிக்காரர்கள் வரை இந்த அம்மாளிடம்தான் பழகுகிறார்கள். எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'. நாற்பதைத் தாண்டியவர். ஒல்லி. முழங்கைக்குக் கீழே வெயில் குடித்துக் கறுத்த கைகள். குரல் மட்டும் ஆளைவிடப் பெரிது. "முதுக நிமித்து! சோபாவுலயா சாஞ்சிருக்க?" என்று அவர் போடும் சத்தத்தில், கிடங்கில் டயர் உருட்டுகிறவர்களும் ஒருமுறை நிமிர்ந்துகொள்வார்களாம்.

முன்பெல்லாம் மைதானத்தின் நடுவில் முளை அடித்த மாதிரி நின்று சொல்லிக்கொடுப்பார். இப்போது குதிரைகளோடு சேர்ந்து அவரும் சுற்றுகிறார். டீயை நடந்துகொண்டே குடிக்கிறார். பாதி மண்ணில் சிந்துகிறது. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவர் கணவரைக் கேட்டால், வீட்டிலும் இதே கதை. "சோத்துல கை வெச்சவ எந்திரிச்சுப் போயி கேஸ மூடியாச்சான்னு பாக்குறா. வந்து உக்காருவா, மறுபடி போவா. செத்த பக்கத்துல உக்காரேன்னா, நீங்க எந்திரிச்சு வாங்கங்கிறா."

மாஸ்டர் குதிரையிலிருந்து விழுந்தது மழைக்காலத்துக்கு முன்னால். குதிரையின் பெயர் மைனர். நெற்றி மயிரை ஒரு பக்கமாகத் தொங்கவிட்டுக்கொண்டு, பெட்டைக் குதிரைகள் போகும் வழியிலேயே நிற்பதால் வந்த பெயர். மைனரிடம் ஒரு தந்திரம் உண்டு. வார் கட்டும்போது மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும். கட்டி முடித்ததும் மூச்சை விடும். வார் தொளதொளத்துப் போகும். அதனால் கட்டியபின் சிறிது நடத்திவிட்டு மறுபடி இறுக்கியாக வேண்டும். மாஸ்டர் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

அன்று ஒரு வக்கீலம்மா வேறொரு குதிரையில் வாரை மறுபடி இறுக்காமலே ஏறப்போனார். மாஸ்டர் ஓடிப்போய்த் தடுத்து, வாரை இறுக்கிவிட்டு, எல்லோர் முன்னாலும் வக்கீலம்மாவை வறுத்தெடுத்தார். அதே சூட்டில் மைனர் மேல் ஏறினார். தன் வாரைத் தொடவில்லை. வேலியோரத் திருப்பத்தில் சேணம் அவரையும் சேர்த்துக்கொண்டு ஒரு பக்கமாக உருண்டது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. மருத்துவமனைக்குக் கார் ஓட்டியது வக்கீலம்மாதான். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

"நாலு வார்த்த திருப்பித் திட்டியிருந்தா தேவல" என்கிறார் மாஸ்டர்.

எலும்பு கூடிவிட்டது. டாக்டர் ஏறலாம் என்றுவிட்டார். மாஸ்டருக்குத்தான் தினம் ஒரு காரணம். தரை ஈரம். ஷூ கடிக்கிறது. மைனர் மூஞ்சியே இன்றைக்குச் சரியில்லை. குதிரையைக் கண்டு பயமா என்று கேட்டால் கோபம் வருகிறது. "அவன் என்ன பண்ணுவான்? அவன் எப்பவும் பண்றதப் பண்ணான். அவன நம்புறேன். இதத்தான் நம்ப முடியல" என்று தன் வலது கையை, வழியில் கிடந்து எடுத்த சாமான் போல நீட்டிக் காட்டுகிறார்.

பள்ளி உரிமையாளர் அவரைவிட இளையவர், மரியாதை தெரிந்தவர். போன வாரம் தயங்கித் தயங்கிச் சொன்னார். மைதானத்தில் பழகி முடித்தவர்களை ஆற்றோரப் பாதையில் கூட்டிக்கொண்டு போக, முன்னால் குதிரையில் போகிற ஆள் வேண்டும். திங்கட்கிழமைக்குள் மாஸ்டர் ஏறாவிட்டால் அந்த வேலைக்கு வேறு ஒருவர் வருவார். "நீங்க ஆபீஸ்ல ஃபேனுக்கடியில உக்காந்துக்கோங்க மாஸ்டர். ராணி மாதிரி."

"உக்காரவா?" என்றார் மாஸ்டர். பதிலுக்குக் காத்திராமல் மைதானத்தைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு கிடையாது. லாயக்காரர் மைனருக்குச் சேணம் போட்டு, வார் கட்டி, நடத்தி, மறுபடி இறுக்கி வைத்திருந்தார். மாஸ்டர் வந்ததும் கை நேரே வாருக்குப் போனது. லாயக்காரர் குறுக்கே தன் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

"கட்டுனது நானு. கைய எடுங்க மாஸ்டர்."

"ஒரே ஒரு தடவ பாத்துக்கிறேண்ணே."

"ஒரு தடவ பாப்பீங்க, அப்புறம் பொழுதுக்கும் பாப்பீங்க. விழுந்தா என்னத் திட்டுங்க."

"விழுந்தா திட்டுறதுக்கு எனக்கு வாய் இருக்குமா?"

"உங்க வாயி தனியா எந்திரிச்சு வந்து திட்டும். அதப் பத்திக் கவலப்படாதீங்க."

மாஸ்டர் சிரிக்கவில்லை. வலது கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பைக்குள் விட்டு, வெளியே எடுத்தார். அங்கவடியில் கால் வைத்தார். எடுத்தார். வைத்தார். மைனர் கழுத்தைத் திருப்பி, இந்த அம்மா வருகிறாளா இல்லையா என்கிற மாதிரி பார்த்தது. அடுத்துப் பார்க்கும்போது மாஸ்டர் மேலே இருந்தார்.

நடையில் ஒரு சுற்று. அவ்வளவு பெரிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. வேலியோரத் திருப்பத்தில் சேணத்துத் தோல் கிறீச்சிட்டது. லாயக்காரர் தன்னை அறியாமல் ஓர் எட்டு முன்னால் வந்துவிட்டார். மாஸ்டரின் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது. திருப்பம் பின்னால் போயிற்று. அடுத்த சுற்று துள்ளோட்டம். அதற்கடுத்ததும்.

"போதும், எறங்குங்க. மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாம்."

மாஸ்டர் இறங்கவில்லை. இரண்டு கைகளும் கடிவாளத்தோடு சேர்த்துப் பிடரி மயிரைக் கொத்தாகப் பற்றியிருந்தன. யார் வந்து பிரித்தாலும் அந்த விரல்கள் பிரியாது போலிருந்தது. அவர் முகவாயைத் தூக்கி, ஆற்றோரப் பாதைக்குப் போகும் வெளிக்கதவைக் காட்டினார்.