முப்பது நாள் வீடு

இந்தச் செய்தியை எங்கள் குடும்பத்திலேயே பல விதமாகச் சொல்கிறார்கள். ஒரு வடிவத்தில் நான் வள்ளல், மற்றொன்றில் ஏமாளி. தெருவில் வழங்கிய வடிவத்திலோ, என் மனைவி கிணற்றடியில் நின்று தலைவிரித்துச் சூளுரைத்ததாக ஒரு காட்சியே உண்டு. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆகையால் நான் கண்டது, நான் காதால் கேட்டது, என் பெட்டியில் தாளாகக் கிடப்பது, என் மனைவி தானே கண்டதாக உறுதி கூறுவது ஆகியவற்றை மட்டும் எழுதுகிறேன். இடையிடையே கனவும் வரும். கனவுக்குச் சான்று காட்ட முடியாதுதான். ஆனால் ஒரே கனவை இருவர் ஒரு மாதத்துக்கு மேல் விழித்துக்கொண்டே கண்டோம். அதனால் அதையும் சான்றுள்ளதாகவே கொள்கிறேன்.

போர் நடந்துகொண்டிருந்த காலம். அரியலூரில் தமிழாசிரியனாக வந்து சேர்ந்து எனக்கு ஓராண்டு நிறைந்திருந்தது. வேப்பந்தட்டைப் பக்கத்திலிருந்து வந்தவனாதலால் ஊரில் உறவில்லை, பழக்கமும் மிகுதியில்லை. குடியிருந்த வாடகை வீட்டுக் கிணற்றில் தண்ணீருக்குக் குறைவில்லை, ஆனால் அதில் பருப்பு வேகாது. அந்த ஊர் நிலமே சுண்ணாம்பு. குளித்தால் தலைமுடி கயிறாகும். கொதிக்கவைத்த பாத்திரத்தில் வெள்ளை படியும். தெருக்கோடியில் ஓர் ஓட்டு வீட்டின் கிணற்றில் மட்டும் தண்ணீர் இனித்தது. பக்கத்துச் சந்து வழியாகப் பெண்கள் குடத்தோடு அதன் பின்வாசலுக்குப் போய்வருவார்கள். என் மனைவியும் நாள்தோறும் போவாள்.

அந்த வீட்டுக்காரர் நிலக்கடலை வாங்கி விற்றவர். கப்பல்கள் நின்று கடலையின் விலை விழுந்தபோது அவரும் விழுந்தார். வீட்டை ஈடாக வைத்துக் கடன் வாங்கியிருந்தார். கொடுத்தவர் திருச்சிராப்பள்ளிக்காரர், வழக்காடித் தீர்ப்புப் பெற்றார். ஒருநாள் பிற்பகல் நீதிமன்ற ஆட்கள் தண்டோரா போட்டுக்கொண்டு வந்து, அந்த வீட்டுக் கதவில் ஏல அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனார்கள்.

அதை நான் படியெடுத்து வைத்தேன். தாள் இன்னும் இருக்கிறது. 'தெருவுக்கு வடக்கு, பொதுச் சந்துக்குக் கிழக்கு, அடுத்த மனைக்கு மேற்கு, புறம்போக்குக்குத் தெற்கு, இந்த நான்கெல்லைக்குள் அடங்கிய மனையும், அதில் கட்டியுள்ள ஓட்டு வீடும், கதவு நிலையும், மரவகையும், கிணறும்' என்று வினைமுற்றே இல்லாமல் நீளும் ஒரு தொடர். முடியாத அந்தத் தொடருக்குள் எவரும் புகுந்து குடியிருக்கலாம் போலத் தோன்றியது.

ஏலத்துக்கு வரும் வீட்டை உள்ளே அழைத்துக் காட்டுவாரில்லை. நான் அறிந்தது தெருவிலிருந்து தெரியும் முகப்பு. என் மனைவி அறிந்தது பின்புறம்: கிணறு, துவைகல், ஒரு முருங்கை. கிணற்றின் உட்சுவரில் கல்லாகிப்போன சிப்பிகள் பதிந்திருப்பதை அவள்தான் முதலில் சொன்னாள். பிறகு சந்து வழியாகப் போய் நானும் பார்த்தேன். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து குனிந்தால், கடல் வற்றிப்போன இடத்தில் வெயில் இறங்கிக் கிடப்பதுபோல இருந்தது.

முகப்புக்கும் கிணற்றுக்கும் இடையில் இருந்தது என்ன? அதை நாங்கள் கட்டத் தொடங்கினோம். பள்ளி விட்டு வந்து, கை கால் கழுவி உட்கார்ந்தால் அதே பேச்சுத்தான். முதலில் ஒரு முற்றம் வைத்தோம். முற்றத்தைச் சுற்றி நான்கு தூண்கள். கிழக்கே ஒரு சன்னல். அதனருகில் என் நூல்களுக்கு ஒரு மாடக்குழி.

"ஊஞ்சல் எங்க போடுறது?" என்று கேட்டாள்.

"கூடத்தில்."

"கூடத்துல போட்டா வர்றவங்க போறவங்க எல்லாம் உக்காந்து தேச்சிடுவாங்க. உள்ளார போடுங்க."

இல்லாத ஊஞ்சலுக்காக ஒரு பகல் முழுவதும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஏல நாளன்று முன்சீப் நீதிமன்றத்துத் தாழ்வாரத்தில் இருபது பேர் அளவில் நின்றார்கள். அவள் நகைகளை அடகு வைத்த பணம் என் மடியில் இருந்தது. ஏலம் எடுத்தவர் விலையில் கால் பங்கை அங்கேயே கட்டவேண்டும் என்பதை விசாரித்து வைத்திருந்தேன். ஏலம் நடத்த வந்த நீதிமன்ற அமீனா விவரத்தைப் படித்தார். உடையார்பாளையத்தில் முந்திரிக்கொட்டை வாணிகம் செய்த ஒருவர் முதல் விலை கேட்டார். அவர் வீட்டுக்காரரின் மைத்துனர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. வேறு எவரும் வாய் திறக்கவில்லை.

"யாராச்சும் கேளுங்கய்யா. ஊமைங்க ஊர்ல ஏலம் போட வந்த மாதிரி இருக்கு. எனக்குத் தொண்ட காயுது" என்றார் அமீனா. ஆனால் அந்தக் குரலில் வருத்தம் இல்லை.

இருபது பேரும் வீட்டின் அருமை தெரியாமல் நிற்பதாக நான் எண்ணினேன். விலையை உயர்த்திக் கேட்டேன். எல்லாத் தலைகளும் திரும்பின. அமீனா தாளைக் கீழே இறக்கினார்.

"யாரு கேட்டது?"

"நான்தான்."

"எந்த ஊரு?"

"வேப்பந்தட்டைப் பக்கம். இங்கே பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன்."

"அதான பாத்தேன்" என்றார்.

மைத்துனர் இரண்டு முறை மேலே ஏறினார், நானும் ஏறினேன். பிறகு அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றுவிட்டார். ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம். கால் பங்கைக் கட்டி நான் சீட்டுப் பெற்றேன்.

வெளியே வந்தபோது எங்கள் தெருவில் துணிக்கடை வைத்திருந்தவர் என்னோடு சேர்ந்து நடந்தார்.

"வாத்தியாரே, நாங்க இருவது பேரும் அங்க எதுக்கு நின்னோம்னு நெனச்சீங்க? வேடிக்க பாக்கவா? வெளியாளு எவனும் உள்ள பூந்து கேட்டுடக் கூடாதுன்னு நின்னோம். மச்சினன் கம்மி வெலைக்கு எடுப்பான், அக்கா அந்த வூட்லயே இருக்கும். கடன் குடுத்தவரே வந்தது போதும்னு ஒத்துக்கிட்டாரு."

"என்னிடம் ஒருவரும் சொல்லவில்லையே?"

"உங்ககிட்ட சொல்லணும்னு யாருக்குத் தோணும்? செய்யுள் சொல்லிக் குடுக்குற ஆளு வூடு வாங்க வருவாருன்னு கண்டோமா?"

அவர் சிரித்தார், என்னால் சிரிக்க முடியவில்லை.

நீதிமன்றத்து எழுத்தர் சட்டத்தை விளக்கியிருந்தார். பதினைந்து நாளுக்குள் மீதி விலையை நான் கட்டவேண்டும்; தவறினால் கட்டிய கால் பங்கும் போகும். முப்பது நாளுக்குள் வீட்டுக்காரர் சார்பில் எவரேனும் தீர்ப்புத் தொகை முழுவதையும் கட்டினால் ஏலம் இல்லாமற்போகும். கட்டாவிட்டால் வீடு எனக்கு உறுதியாகும். அந்த முப்பது நாளும் அவ்வீடு அவர்களுடையதுமன்று, எங்களுடையதுமன்று.

என் மனைவி மூன்று நாள் கிணற்றுக்குப் போகவில்லை. நான்காம் நாள் அந்த வீட்டு அம்மாளே சந்து முனையில் வந்து நின்றாராம். அங்கே நிகழ்ந்த பேச்சை என் மனைவி சொன்னபடியே தருகிறேன்.

"என்ன, மூணு நாளா ஆளக் காணோம்?"

"எப்படிக்கா வர்றது? எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வருவேன்?"

"இருக்குற மூஞ்சியோடதான் வரணும். இன்னும் அது உன் கெணறு ஆவல. அதுவரைக்கும் என் கெணத்துலதான் எடுக்கணும். வெக்கப்பட்டா பருப்பு வெந்துடுமா? கயித்தப் புடி."

குடம் நிறைந்தது. இடுப்பில் ஏற்றும்போது அந்த அம்மாள் கை கொடுத்தாராம். என் மனைவி இதைச் சொல்லிவிட்டு, அன்று முற்றத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பேசினாள். முற்றத்துக்கு ஒரு துளசி மாடம் சேர்த்தாள்.

மீதிப் பணத்துக்காக நான் பெரம்பலூர் போனேன். என் பங்குப் புன்செய் நிலத்தை அண்ணனுக்கே எழுதிக் கொடுத்தேன். பதிவு அலுவலகத்தில் நான் கையெழுத்திடும் முன் அவர், "ஓட்டுக்கு ஆசப்பட்டு மண்ண விக்கிறியேடா" என்று மட்டும் சொன்னார். திரும்பி வந்தது, பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓடிய பஸ். ஏற்றம் வந்தால் நின்றுவிடும். நாங்கள் இறங்கி நடப்போம். பின்னாலிருந்த கரியடுப்பைக் கிளறிவிட்டதும், மெல்ல ஊர்ந்து வந்து எங்களை ஏற்றிக்கொள்ளும். புகையும் வெயிலும் கலந்ததில் கண் செருகியது. மடியில் பணத்தைப் பிடித்தபடி நான் அந்த வீட்டுக்குள் நடந்தேன். தூண்களைத் தொட்டால் குளிர்ந்திருந்தன. முற்றத்தில் ஆழமில்லாத கடல் ஒன்று தேங்கியிருந்தது; சிப்பிகள் தெரிந்தன. யாரோ உள்ளிருந்து, செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். எவர் குரல் என்று அறியுமுன் பஸ் குலுங்கி நின்றது.

பதினைந்தாம் நாளுக்குள் முழு விலையும் கட்டிவிட்டேன். கொஞ்சம் மிஞ்சியது. வெள்ளையடிக்கவும் பால் காய்ச்சவும் ஆகுமென்று அதை ஒரு சுருக்குப் பையில் போட்டு அவள் வைத்துக்கொண்டாள். அதன்பின் நாள்கள் நிறமில்லாமல் நகர்ந்தன. தெருவில் சுண்ணாம்புக்கல் வண்டிகள் போகும். வெள்ளைப் புழுதி எழுந்து, அந்த வீட்டின் ஓடுகளை மறைத்து, அடங்கும். மறைந்திருக்கும் கணத்தில் அது எங்கள் வீடு, அடங்கியதும் அவர்களுடையது. வகுப்பில் செய்யுளுக்குப் பொருள் சொல்லும்போது இடையே நின்றுவிடுவேன். மாணவர்கள் காத்திருப்பார்கள்.

முப்பதாம் நாள் காலை, நான் பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில், மைத்துனர் வந்தார். வேட்டியெல்லாம் புழுதி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"வாத்தியாரய்யா, தீர்ப்புப் பணம் அம்புட்டும் சேத்துட்டேன். இருந்த கொட்டையெல்லாம் வந்த வெலைக்குப் போட்டேன். காலைல குமாஸ்தா வூட்டுக்கே போயி காட்டுனா, இன்னும் ஒண்ணு இருக்குங்கிறாரு. ஏல வெலையில நூத்துக்கு அஞ்சு சேத்துக் கட்டணுமாம். வாங்குனவருக்கு நஷ்டஈடாம்."

"வாங்கினவர் என்றால்?"

"நீங்கதான்." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "உங்களுக்குக் குடுக்க வேண்டிய பணம் என்கிட்ட இல்ல. அத உங்ககிட்டயே கேக்க வந்திருக்கேன். நீங்க குடுத்தா நான் கட்டுவேன், கோர்ட்டு உங்களுக்கே திருப்பிக் குடுத்துடும். நாயம்தானே?"

அத்தொகை என் ஒரு மாதச் சம்பளத்துக்குச் சற்றுக் குறைவு. சுருக்குப் பையில் அதற்கு மேலேயே இருந்தது. கொடுத்தால் பணம் திரும்பும், வீடு போகும். கொடுக்காவிட்டால் அன்று மாலை வீடு எங்களுடையது. நான் எந்தக் குற்றமும் செய்யவேண்டியதில்லை. ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும்.

நான் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன். "பள்ளிக்கு நேரமாகிறது. மாலையில் வாருங்கள், பேசலாம்" என்றேன்.

"சாயங்காலம் ஆபீஸ மூடிடுவாங்களேய்யா."

அவர் குரலில் கெஞ்சல் இல்லை. எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிவிப்பதுபோலச் சொன்னார். எனக்கு அது தெரியும். நான் குடையைத் தேடினேன். அது கையிலேயே இருந்தது.

அப்போது என் மனைவி உள்ளிருந்து வந்தாள். சுருக்குப் பையை என்னிடம் கொடுக்காமல் நேரே அவரிடம் நீட்டினாள்.

"எண்ணிக்கங்கண்ணே. மிச்சம் இருந்தா கொண்டாந்து குடுங்க, சுண்ணாம்புக்கு வெச்சது" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் கூடப் போங்க. இன்னும் ஏதாச்சும் ஒண்ணு இருக்குன்னு குமாஸ்தா சொன்னா, இவரு மறுபடி இங்க நடந்து வரணும்" என்றாள்.

போனேன். பணம் கட்டப்பட்டது. எழுத்தர் என்னை ஒரு முறையும் மைத்துனரை ஒரு முறையும் பார்த்துவிட்டு, "இருவது வருஷமா இந்த மேசையில இருக்கேன். ரெண்டு பேரும் ஒரே குடையில வந்து இதக் கட்டுனத இப்பத்தான் பாக்குறேன்" என்றார். பள்ளிக்கு நான் பாதி நாள் கழித்துப் போனேன்.

சில வாரங்களில் நீதிமன்றம் என் பணத்தை எல்லாம் திருப்பியது, நட்டஈடு உட்பட. நகை மீண்டது, நிலம் மீளவில்லை. அண்ணன் அதில் அதற்குள் வரகு விதைத்துவிட்டார்.

அந்த வீட்டு அம்மாள் எங்களை ஒருநாள் சாப்பிட அழைத்தார். முதன்முறையாக முன்வாசல் வழியே உள்ளே போனோம். முற்றம் இல்லை. தூண் ஒன்றுகூட இல்லை. தாழ்ந்த கூரையின்கீழ் இருண்ட ஒரே கூடம். ஒரு பக்கம் நெற்குதிர், மறுபக்கம் வெறுஞ்சாக்குகள். மேலே பதித்த ஒற்றைக் கண்ணாடி ஓட்டிலிருந்து ஒரு கை அகல வெளிச்சம். ஊஞ்சல் மாட்ட உத்தரத்தில் உயரம் போதாது. என் மனைவி என்னைப் பார்த்தாள். அவள் எதைத் தேடினாள் என்று எனக்குத் தெரியும். நாங்கள் கட்டிய வீடு அந்த நான்கெல்லைக்குள் எங்கும் இல்லை. அதன்பின்னும் வெகுநாள், பேச்சில்லாத பிற்பகல்களில், நாங்கள் இருவரும் அதற்குள் தனித்தனியே நடமாடிக்கொண்டுதான் இருந்தோம்.

இனி, தெரியாதவை. அன்று காலை மைத்துனரிடம் அந்தத் தொகை உண்மையிலேயே இல்லையா, அல்லது என்னைக் கேட்டுப்பார்ப்பது முறை என்று வந்தாரா என்பது தெரியாது. அவரை நான் கேட்கவில்லை. அவர் என் வீட்டுக்கு வந்தது வீட்டுக்காரருக்குத் தெரியுமா என்பதும் தெரியாது; அவர் கடைசிவரை என்னிடம் ஏலத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. என் மனைவி அந்த நேரத்தில் வெளியே வராமலிருந்தால் நான் குடையோடு பள்ளிக்குப் போயிருப்பேனா என்பது மூன்றாவது. அதற்குச் சான்று சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான்; எனக்கும் தெரியாது.