உள்ளேயா, வெளியேயா?

டிராவல்ஸ் தொழிலில் இருப்பவன், தான் போகாத ஊருக்கெல்லாம் வழி சொல்லியே காலத்தை ஓட்டுகிறவன். தி. நகரில், பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு சந்தில், பைக் கடைக்கு மேல் மாடியில் பதினோரு வருடமாக நானும் அப்படித்தான். சிங்கப்பூர் போகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: அங்குள்ள பெரிய கேளிக்கைப் பூங்கா தன் வளாகத்துக்குள்ளேயே நடத்தும் ஹோட்டலில் தங்குவதா, வெளியே ஊருக்குள் தங்குவதா? மற்றவர்களுக்குச் சட்டென்று சொல்லிவிடுவேன். வருகிற மே மாதத்துக்கு எங்கள் வீட்டுக்கே முடிவு செய்ய வேண்டி வந்தபோதுதான் விழி பிதுங்கியது.

பையன் எட்டாவது. அடுத்த வருடம் டியூஷன், அதற்கடுத்து பத்தாவது; அப்புறம் அவன் எங்கே எங்களோடு வரப்போகிறான்? வெள்ளிக்கிழமைக்குள் முடிவு செய்யாவிட்டால் பயணமே கிடையாது என்று மனைவி கெடு வைத்துவிட்டாள். இப்படி ஒரு வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டவர்களுக்கு என் வேதனை புரியும். கஸ்டமர்கள் சொன்னதையெல்லாம் யோசித்துப் பார்த்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

ராகு காலம்

மயிலாப்பூர் ஆடிட்டர் ஒருவர். உள்ளே தங்கினால் மற்றவர்களுக்கு முன்னால், எட்டரைக்கே பூங்காவுக்குள் விடுவார்கள் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் டைரியைப் புரட்டினார். அன்று திங்கட்கிழமை, ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம். சரி, வெளியே தங்கி எல்லாரையும் போலப் பத்து மணிக்குப் போங்கள் என்றேன். அவர் மனைவி விரல் விட்டு எண்ணினார். அங்கே பத்து என்றால் இங்கே ஏழரை. நம்மூர்க் கணக்குப்படி அப்போதுதான் ராகு காலம் ஆரம்பம்.

எந்த ஊர் ராகு காலத்தை எடுத்துக்கொள்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு மணி நேரம் பேசிவிட்டு எழுந்த ஆடிட்டர் சொன்னார்: "எங்காத்து வாத்தியாரைக் கேட்டுண்டு வரேன். அதுவரைக்கும் ரெண்டு ஹோட்டல்லயும் ரூமைப் பிடிச்சு வைங்கோ."

நீச்சல் குளம்

அடையாற்றிலிருந்து வந்த ஒரு தம்பதிக்கு உள்ளேயே ரூம் போட்டுக் கொடுத்தேன். ஹோட்டல் வாசலில் இறங்கினால் பூங்கா. திரும்பி வந்ததும், எந்த ரைடு பிடித்திருந்தது என்று கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளைகள் இரண்டும் முதல் நாள் ஹோட்டல் நீச்சல் குளத்தில் இறங்கியவை, மூன்று நாளும் ஏறவில்லையாம். கணவர்தான் பதில் சொன்னார்: "பார்க்கை ரூம் ஜன்னல்லேர்ந்து பார்த்தோம் சார். ரொம்ப நல்லா இருந்துச்சு."

குக்கர்

ரசம் சாதம் இல்லாமல் ஒரு நாள் தாங்காத ஆதம்பாக்கத்துக் குடும்பம் ஒன்று. அவர்களுக்கு வெளியே, சமையலறையோடு ஓர் அபார்ட்மென்ட். குக்கர், அப்பளம், பருப்புப் பொடி சகிதம் போனார்கள். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். திரும்பி வந்ததும் கணவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் வண்டியை எடுக்கக் கீழே இறங்கியதும் கூட வந்திருந்த மனைவி சொன்னார்: "இங்க பொங்கினதையே அங்கயும் போய்ப் பொங்கிட்டு வந்தேன். அடுத்த தடவை அடுப்பே இல்லாத ரூமாப் போடுங்க தம்பி."

நூறு சேலை

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் உள்ளே இரண்டு முறை, வெளியே இரண்டு முறை ரூம் போட்டுக் கேன்சல் செய்தாயிற்று. எங்கள் ஆபீஸில் டிக்கெட் போடும் குமார், நொச்சிக்குப்பத்துக்காரன், கடுப்பாகிவிட்டான். "கட்டிலு எங்க கீதோ அங்க படுத்துக்கினு வா சார். இதுக்கு இன்னா இம்மாம் யோசனை?" என்றான்.

அப்போது ஆபீஸில் எதிரே உட்கார்ந்திருந்தவர் தெருமுனையில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி. என் கதையை முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நம்ம கடையில நூறு சேலையப் பிரிச்சுப் போடச் சொல்லுவாவ. கடைசில மொத மொத பார்த்த சேலையத்தான் எடுப்பாவ. உங்க வீட்டுல மொதல்ல என்ன கேட்டாவன்னு விசாரிங்க."

முதல் கேள்வி

சாயங்காலம் ஆறு மணிக்கே வீட்டுக்குப் போய், பையனை உட்காரவைத்து, "சிங்கப்பூர்னு பேச்செடுத்ததும் நீ முதல்ல என்ன கேட்டே, உள்ளேயா, வெளியேயா?" என்றேன். அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. ஏப்ரல் வந்தால் எங்கள் தொழிலில் ஃபோன் ஓயாது. ஒரு நிமிடம் என்று கையைக் காட்டிவிட்டுக் கஸ்டமரிடம் பத்து நிமிடம் பேசினேன். திரும்பியபோது பையன் அப்படியே உட்கார்ந்திருந்தான். கோபமே இல்லாமல் சொன்னான்: "ரெண்டும் இல்லப்பா. 'நீயும் வருவியா'ன்னு கேட்டேன். நீ 'பார்க்கலாம்'னு சொன்னே."

எனக்கு வெட்கமாகிவிட்டது. மனைவி என்னைப் பார்க்காமல் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அப்போதே மூன்று பேருக்கும் விமான டிக்கெட் போட்டு, சீசன் வேலையைக் குமார் தலையில் கட்டிவிட்டேன். உள்ளேயா வெளியேயா என்பதற்கு மட்டும் மனைவியிடம் திங்கட்கிழமை வரை தவணை வாங்கிக்கொண்டு, உங்களைப் போலவே இன்னும் குழம்பிக்கொண்டிருக்கிறேன்.