ஆயாவின் தோடம்பழம்

அந்தத் தோடம்பழத்தின் ஆரஞ்சுத் தோலில் நகத்தை வைத்ததும் சாறு பீறிட்டு என் கண்ணில் பட்டது. சுரீரென்று எரிந்தது. எதிரே இருபது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நான் தும்மினாலே கெக்கலி கொட்டும் கூட்டம் அது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இலங்கை மலைநாட்டில் ரயில் பண்டாரவளைக்கு அப்பால் இன்னும் போகாத காலம். பதுளையில் பாதிரிமார் பள்ளியில் படித்த திமிரோடு, அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு டீச்சராகப் போயிருந்தேன். பள்ளிக்கூடம் ஒரு தகரக் கொட்டகை. தட்டித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பிள்ளைக்காம்பரா. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். அவற்றைப் பார்த்துக்கொண்டவளை எல்லாரும் ஆயா என்றுதான் கூப்பிட்டோம். முப்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டாள். இடுப்பில் ஒரு குழந்தையோடு தடுப்பின் இடுக்கு வழியே என் பாடத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பாள்.

பழத்தின் பாகங்களைப் பலகையில் எழுதிப் போட்டால் சின்னப் பிள்ளைகள் தூங்கிவிடும். ஆகவே பழத்தையே கையில் கொடுத்துவிடுவேன். கொய்யாவைக் கடித்து விதையை நாக்கால் தேடச் சொல்வேன். வாழைப்பழத்தைக் கண்ணை மூடிக்கொண்டு உரிக்க வேண்டும். பலாப்பழம் கிடைத்த நாளில் தோல், சடை, சுளை, கொட்டை என்று இலையில் பிரித்து வைத்து, தன் கையில் இருப்பதன் பெயரை ஒவ்வொரு பிள்ளையும் கத்திச் சொல்லும். கொட்டகையே அதிரும்.

அன்று காலை பனிமூட்டம். ஓடைக்கரைக் குறுக்குப்பாதையில் வந்தபோது ஒரு தோடை மரத்தில் ஒரே ஒரு பழம் தொங்குவதைக் கண்டேன். சுற்றிலும் சின்னச் சின்ன மண்மேடுகள். யாரோ போட்ட காய்கறிப் பாத்தி என்று நினைத்துக்கொண்டு பழத்தைப் பறித்துக்கொண்டு வந்துவிட்டேன். பட்டணத்துப் புத்தி.

சுளைகளைப் பிரித்து நீட்டினேன். ஒரு கைகூட நீளவில்லை. "என்ன, புளிக்குமா? பாருங்க, நானே சாப்பிடுறேன்" என்று ஒன்றை வாயில் போட்டேன். அப்போதும் யாரும் அசையவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. வீம்புக்கு ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் தின்று தீர்த்தேன். பிறகு ஒரு விதையைத் தூக்கிக் காட்டி, இது என்ன என்று கேட்டேன்.

முன்வரிசைச் சிறுமி சொன்னாள்: "அது ஆயாவோட புள்ள, டீச்சரம்மா."

தோட்டத்துக் கூலிக்காரர்கள் குடியிருந்த அந்த லயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கைக்குழந்தை இறந்தால், புதைத்த இடத்தில் ஒரு பழவிதையை ஊன்றுவார்கள். அந்த மரத்தின் முதல் பழத்தைத் தாய் தின்றால், போன பிள்ளை அவள் வயிற்றுக்கே திரும்பி வரும் என்பது நம்பிக்கை. ஆயா எட்டு வருஷம் அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். அங்கே புதைத்த பிள்ளைக்குப்பின் அவளுக்கு வேறொரு பிள்ளையும் தங்கவில்லை. இதெல்லாம் பிள்ளைகள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் ஆயா வந்துவிட்டாள்.

அவள் அழவில்லை. தரையில் உட்கார்ந்து தோலையும் நாரையும் விதைகளையும் மடியில் பொறுக்கிக்கொண்டாள். "சுளை எங்கங்க?"

"நான் தின்னுட்டேன், ஆயா. தெரியாம செஞ்சுட்டேன்."

என் வயிற்றையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிங்க. அப்ப அவன் அங்கிட்டுத்தான் வருவான்."

மறுவருஷம் எனக்குக் கல்யாணமாயிற்று. அதற்கடுத்த வருஷம் மகன் பிறந்தான். மூன்று நாளாக ஓயாமல் அழுதுகொண்டிருந்தவனைப் பார்க்க ஆயா வந்தாள். உச்சந்தலையை முகர்ந்து, நான் கேட்டிராத ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அழுகை அந்த நொடியே நின்றது.

மறுபடி வேலைக்குப் போனபோது அவனைப் பிள்ளைக்காம்பராவில்தான் விட வேண்டியிருந்தது. நான் ஊட்டினால் துப்புவான். அவள் ஊட்டினால் தின்பான். எனக்குப் பொறாமையாக இருந்தது, பயமாகவும் இருந்தது. என்றாவது ஒருநாள் தன் பிள்ளை என்று கேட்டுவிடுவாளோ என்று காத்திருந்தேன். ஒருமுறை நானே வாய்விட்டுக் கேட்டும்விட்டேன்.

"அது நீங்க பெத்த புள்ளதாங்க. நான் பாத்துக்கிறேன், அம்புட்டுத்தான்" என்றாள். அவனும் எல்லாப் பிள்ளைகளையும்போல அவளை ஆயா என்றுதான் கூப்பிட்டான். போகப்போக எனக்குப் பயம் தெளிந்தது. அந்தப் பழத்தின் கதையை அவனிடம் யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்போது அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் ஓட்டுக் கட்டடம் நிற்கிறது. புது டீச்சர்கள் படத்தைத் தொங்கவிட்டுப் பழத்தின் பாகங்களைச் சொல்லித் தருகிறார்கள். நல்ல காரியம். படத்தை யாரும் தின்றுவிட முடியாது.

மகனுக்கு இருபது வயதானபோது ஆயா காய்ச்சலில் படுத்து இரண்டே நாளில் போய்ச் சேர்ந்தாள். அவன் பதுளையில் வேலையில் இருந்தான். யாரும் ஆள் அனுப்பவில்லை. பிணத்தை எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால், மழையில் தொப்பலாக நனைந்தபடி மலையேறி வந்து நின்றான். முந்தின நாளே புறப்பட்டுவிட்டானாம். மூச்சு வாங்க என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்று என்னிடமே கேட்டான்.