செடியோரம் வைத்த சீட்டு

தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு ஒட்டி ஒட்டிக் கட்டின எங்கள் லயத்தில் கடைசி வீடு என்னுடையது. தொங்க காம்பரா என்பார்கள். ஒரு பக்கத்துச் சுவருக்கு அப்பால் ஆட்கள் இருக்கிறார்கள். மறுபக்கத்துச் சுவருக்கு அப்பால் தண்ணி ஓடுகிற கானும் தேயிலையும் மட்டும்தான். காற்று அடித்தால் முதலில் என் கூரைத் தகரத்தைத்தான் தட்டும்.

தேயிலைக் கொழுந்து பறிக்கிற வேலையிலிருந்து நான் ஓய்ந்துவிட்டேன். மகள் கொழும்பில் கல்யாணம் கட்டி அங்கேயே இருக்கிறாள். ஒரு பொங்கலுக்கு வந்தபோது இரண்டு சாமான் கொண்டுவந்தாள். ஒன்று, அவள் பாவித்த பழைய போன். மற்றது, தயிர்ச் சட்டியில் வைத்த ஒரு குண்டுமல்லிப் பதியம். வந்த மூன்றாம் நாள் போய்விட்டாள். போவதற்கு முன் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து போனைச் சொல்லிக் கொடுத்தாள்.

"இதுல தமிழ் ஆளுங்க தோட்டம் போடுறதப் பத்திப் பேசிக்கிறாங்கம்மா. ஒலகம் பூரா இருந்து வாறாங்க. நீங்களும் பேசுங்க."

"எனக்கு எங்க எழுத வருது?"

"எழுத வேணாம். இந்த மைக்க அமுக்கிட்டுப் பேசுங்க, அதுவே எழுதிக்கும். என்னா பேரு போடட்டும்?"

"பேரு என்னாத்துக்கு? தொங்க காம்பரான்னு போடு."

அவள் சிரித்துக்கொண்டே அதையே போட்டாள்.

படம் போடுவதுதான் சங்கடமாக இருந்தது. அந்தப் பேச்சு மன்றத்தில் படத்தை நேராகப் போட ஏலாதாம். படம் வைக்கிற இடம் என்று வேறொன்று இருக்கிறது. படத்தை அங்கே ஏற்ற வேண்டும். அவர்கள் ஒரு லிங்க் தருவார்கள். அதைக் காப்பி பண்ணிக்கொண்டு வந்து மன்றத்தில் ஒட்டினால், பார்க்கிறவர்களுக்குப் படம் தெரியும். மகள் இரண்டு தரம் சொன்னாள். மூன்றாம் தரம் சொல்ல நான் விடவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. நாங்கள் பறித்த கொழுந்து, மடுவம் என்கிற கொட்டகையில் நிறுவையாகி லொறியில் ஃபெக்டரிக்குப் போய்விடும். ஆபீசுக்குப் போவது கிலோக்கணக்கு எழுதின துண்டு மட்டும்தான். ஆபீசில் இருக்கிறவர் என் கொழுந்தைக் கண்ணால் கண்டதே இல்லை. இதுவும் அந்த மாதிரிதான்.

"சும்மாவா வச்சிக்கிறாங்க?" என்று கேட்டேன்.

"ஃப்ரீதாம்மா."

எங்கள் டயகம பக்கத்துக் குளிரைத் தெரிந்தவர்களுக்கு மல்லிகையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தை மாதம் விடிகாலையில் முட்டைக்கோவா இலைமேல் வெள்ளையாகப் பனி உறைந்து கிடக்கும். நான் பதியத்தை ஒரு பெயின்ட் டின்னில் மாற்றி, அடுப்புக்குப் பின்பக்கத்துச் சுவரோடு வெளியே வைத்தேன். அந்தச் சுவர் எப்போதும் கதகதப்பாக இருக்கும். பொழுது சாய்ந்ததும் உரப் பையை வெட்டிப் போர்த்திவிடுவேன். ஒரு ஆளுக்குச் சமைக்க எவ்வளவு நேரம் அடுப்பு எரிய வேண்டும்? அந்தச் செடிக்காக இன்னும் ஒரு கட்டை கூடப் போட்டு எரித்தேன்.

மாதம் ஒரு படம் ஏற்றினேன். இலை இரண்டு விட்டதும், நுனி கருகினதும், மறுபடி துளிர்த்ததும் எல்லாம் போட்டேன். மன்றத்தில் ஆட்களின் முகம் தெரியாது. பேருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படம் இருக்கும், அவ்வளவுதான். பச்சைக்கிளிப் படம் வைத்திருந்த ஒரு பெண் மட்டக்களப்பு. அவர்தான் முதலில் பேசினார். அவர் எழுதினதை எழுத்துக்கூட்டி வாசிக்க எனக்கு விளக்கு வைத்த பிறகு ஒரு முன்னேரம் முழுக்கப் போகும். அது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு முன்னேரம் போகிறதே.

ஒரு நாள் அவர் எழுதியிருந்தார்: "எவ்வளவு அழகாக எழுதுகிறீர்கள். நீங்கள் டீச்சரா?"

நான் ஆபீஸ் ஐயாமாரோடு பேசுகிற மாதிரி நிறுத்தி நிதானமாகப் பேசுவேன். போன் அதைத் துப்புரவாக எழுதிவிடும். அதைப் பார்த்துத்தான் அப்படிக் கேட்டிருக்கிறார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. "செடிக்கு மீன் கழுவின தண்ணீர் ஊற்றலாமா?" என்று வேறு பேச்சு எடுத்தேன். அடுத்த நாளிலிருந்து அங்கே எல்லோருக்கும் நான் டீச்சர். தோட்டப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு நின்று தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டவள் நான். கைநாட்டு வைக்க வெட்கப்பட்டு, கையெழுத்துப் போட மட்டும் பழகிக்கொண்டேன். டீச்சர் என்கிற அந்த வார்த்தையைக் காலையில் எழுந்ததும் ஒரு தரம் போனில் பார்ப்பேன். இதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

மறு வருஷம் மாசியில் செடி பூத்தது. முதல் நாள் ஒன்று. பிறகு ஒரு கை நிறையப் பூ. பின்னால் தேயிலையும் மூடுபனியும் தெரிகிற மாதிரி நின்று எடுத்து ஏற்றினேன். நல்ல படம். அன்று பொழுது சாய்வதற்குள் ஏழெட்டுப் பேர் பேசினார்கள். அடுத்த நாள், காருக்கு முன்னால் நிற்கிற படம் வைத்திருந்த ஒருவர் வந்தார். புது ஆள். அவர் எழுதினது இதுதான்:

"அந்தக் குளிரில் குண்டுமல்லி இப்படிப் பூக்காது. இது வேறெங்கோ எடுத்து ஒட்டிய படம். உண்மை என்றால் செடி வளர்ந்த பழைய படங்களைக் காட்டட்டும்."

வாசித்து முடித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பழைய படம்தானே, பேச்சின் முந்தின பக்கங்களில் கிடக்கிறதே என்று விரலால் தள்ளிக்கொண்டே போனேன். படம் இருந்த இடமெல்லாம் சாம்பல் கட்டங்கள். நடுவில் கிழிந்த கடதாசி மாதிரி ஒரு சின்னக் குறி. பதினொரு கட்டம். மேலே நான் பேசினது அப்படியே இருக்கிறது. "இதோ பாருங்கள், துளிர்" என்று இருக்கிறது. துளிர் இல்லை.

மகளுக்குப் பேசினேன்.

"ரெண்டு மூணு வாரமா ஆரும் பாக்காட்டி அவங்க அழிச்சிருவாங்கம்மா. ஃப்ரீயா வச்சிக்கிறவங்க அப்பிடித்தான்."

"ஆரும் பாக்காட்டியா?"

"ஆமா. போன்லயும் எடம் பத்தலைன்னு நாந்தான அழிக்கச் சொன்னேன். போனாப் போகுதும்மா, ஒரு செடிதான? பிள்ளை அழுவுறான், நா பொறகு எடுக்குறேன்."

எனக்கு அது ஒரு செடி இல்லை. அந்தப் பதினொரு மாதமும் நான் இருந்தேன் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. இப்போது அந்த ஆட்கள் முன்னால் நான் கள்ளி. தோட்டத்தில் இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் என்னை அப்படிச் சொன்னதில்லை.

அப்போதுதான் ஒரு தவறைச் செய்தேன். கொழுந்துச் சாக்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அதனால் ஒவ்வொருத்தியும் தன் சாக்கின் வாயில் தன் துணித்துண்டு ஒன்றைக் கட்டுவாள். எனக்கு மஞ்சளில் சிவப்புக் கரை. நான் தூரத்தில் வரும்போதே கணக்கப்பிள்ளை என் சாக்கை முன்னால் இழுத்து வைத்துவிடுவார். அந்தத் துணியைப் பார்த்த பிறகு இது யாருடையது என்று மடுவத்தில் கேள்வி கிடையாது. நான் பழைய சேலையில் அதே கரையைக் கிழித்து, மல்லிகைத் தண்டில் கட்டி, படம் எடுத்து ஏற்றினேன். "இப்போது தெரிகிறதா, செடி என்னுடையதென்று?" என்று கேட்டுவிட்டு, மானம் மீண்ட மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

கார்க்காரர் எழுதினார்: "ஒரு கந்தலைக் கட்டினால் என்ன நிரூபணம்? ஏமாற்று."

கந்தல் என்கிற வார்த்தையை இரண்டு தரம் எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் வாசித்திருந்தேன்.

கிளிப் படத்துப் பெண்தான் விஷயத்தை விளக்கினார். மன்றத்தில் ஒரு வழக்கம் இருக்கிறதாம். சந்தேகம் வந்தால், ஒரு கடதாசியில் மன்றத்தில் நமக்கு இருக்கிற பேரையும் அன்றைய தேதியையும் கையால் எழுதி, செடியோரம் வைத்துப் படம் எடுக்க வேண்டும். "ஒரு நிமிஷ வேலை டீச்சர். உங்கள் அழகான கையெழுத்தில் எழுதிப் போடுங்கள். அவர் வாயை அடைப்போம்" என்று முடித்திருந்தார்.

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

செடியில் மூன்று மொட்டு மிச்சம் இருந்தது. அது பூத்து உதிர்ந்தால் பிறகு எப்போது பூக்குமோ. இரண்டு நாள், கூடினால் மூன்று நாள். மொட்டையே பார்த்துக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் காம்பராப் பெண் மலையிலிருந்து வந்து கூடையை இறக்கினாள். அவள் ஓ லெவல் சோதனை வரைக்கும் படித்தவள். வாயும் நீளம்.

"என்னா பெரியம்மா, போனோட சண்டையா? ரெண்டு நாளா மூஞ்சத் திருப்பிக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க."

சொன்னேன். டீச்சர் என்கிற பகுதியைத் தவிர.

"அட, இதுக்குத்தானா? குடுங்க, நா எழுதித் தாரேன். ஆருக்குத் தெரியப் போகுது?"

கை கழுவிவிட்டு வந்து எழுதிக் கொடுத்தாள். அச்சு மாதிரி எழுத்து. டீச்சர் எழுத்து. செடியோரம் அதை ஒரு கல்லால் அழுத்தி வைத்துப் படமும் எடுத்துவிட்டேன். நன்றாக இருந்தது. ஏற்றுவதற்கு விரல் போகவில்லை. அடுத்தவள் கொழுந்தை அள்ளி என் சாக்கில் போட்டுக்கொண்டு மடுவத்துக்குப் போனவள் இல்லை நான். அப்படிப் போனவர்களை எனக்குத் தெரியும். அவர்களோடு நான் தேத்தண்ணி குடித்ததில்லை.

அவளைக் கூப்பிட்டுச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

"ஏன் பெரியம்மா, எழுத்து சரியில்லியா?"

"எழுத்து சரிதான். அது ஒன்னோட எழுத்து."

"ஐயே, ரொம்பத்தான். அப்பறம் நீங்களே எழுதுங்க பாப்போம்" என்று சொல்லிவிட்டு, போன சுருக்கில் திரும்பி வந்து ஒரு பேனையை வைத்துவிட்டுப் போனாள்.

போன வருஷத்துக் கலண்டர் தாளின் பின்பக்கம் எடுத்துக்கொண்டேன். போனில் இருக்கிற 'தொங்க காம்பரா' என்கிற பேரைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக வரைந்தேன். எழுதினேன் என்று சொல்ல ஏலாது. கொழுந்து எடுத்த விரல், நுனியைக் கிள்ளத்தான் பழகியிருக்கிறது. பேனை அதில் நிற்கவில்லை. முதல் எழுத்தே பெரிசாகிப் போய்க் கடைசி எழுத்துக்கு இடமில்லை. அடுத்த தாளில் வரி மேலே ஏறிப்போனது. மூன்று மாதத் தாள் தீர்ந்தது. நாலாவது தாளில் எல்லா எழுத்தும் வந்தன. ஒன்று குள்ளம், ஒன்று நெட்டை, காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு வந்து நிற்கிற ஆட்கள் மாதிரி. தேதியையும் போட்டேன்.

மறுநாள் காலையில் மூன்று பூவும் விரிந்திருந்தன. சீட்டை வைத்தேன். துணியையும் அவிழ்க்கவில்லை. படத்தை ஏற்றி, லிங்கைக் காப்பி பண்ணி ஒட்டி, மைக்கை அமுக்கிச் சொன்னேன்: "இது என் கையெழுத்து. நான் டீச்சர் இல்லை. கொழுந்து பறித்தவள். கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும். கட்டியிருப்பது கந்தல் இல்லை. என் சாக்குக்கு அடையாளம்."

  மறுநாள் பொழுதாகும்போது கார்க்காரர் வந்தார். "செடி உங்களுடையதுதான். மன்னிக்கவும் அம்மா" என்று எழுதியிருந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். பூ அழகு என்றார்கள். கிளிப் படத்துப் பெண், "பரவாயில்லை அம்மா, எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது" என்றார்.

மானம் திரும்பி வந்துவிட்டது. அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் என்னோடு பேசுகிற விதம் மாறிவிட்டது. உரம் எவ்வளவு போடலாம், பூச்சி விழுந்தால் என்ன செய்யலாம் என்று முன்பு என்னிடம் கேட்பார்கள். இப்போது சின்னச் சின்ன வார்த்தையாக எழுதுகிறார்கள். கிளிப் படத்துப் பெண் ஒரு தரம், "வாசிக்க முடிகிறதா அம்மா?" என்று கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டிருப்பார். நான் அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். அவரும் பிறகு பேசவில்லை. புதுப்புதுப் பேச்சுகள் வந்து என் செடியின் பேச்சு கீழே கீழே போய், இப்போது மன்றத்தின் ஆறாம் பக்கத்தில் கிடக்கிறது.

அந்தப் படம் மட்டும் இன்னும் சாம்பல் கட்டம் ஆகவில்லை. ஆரும் பார்க்காவிட்டால் அழித்துவிடுவார்கள் என்று மகள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை சோறு வடித்து இறக்கிவிட்டு, அடுப்பில் அந்தக் கூடுதல் கட்டையைப் போட்டுவிட்டு, மன்றத்துக்குப் போய் ஆறாம் பக்கத்தைத் தேடிப் பிடித்து, என் படத்தைத் திறக்கிறேன். மூன்று பூ, துணித்துண்டு, கோணல் எழுத்து. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி ஒரு தரம் வாசிக்கிறேன். பார்த்தாயிற்று. இன்னும் கொஞ்ச நாளைக்கு அதை அழிக்க மாட்டார்கள்.