நான் இடிக்காத மொபெட்

சித்தையன்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். வீடு நாகல் நகரில். தினமும் ஸ்கூட்டரில்தான் போய்வருவேன். அன்றைக்கும் பள்ளி விட்டு அப்படித்தான் திரும்பிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு பால் வேன் ஹார்ன் அடித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனது. எனக்கு முன்னால் மொபெட்டில் போனவரை இடித்துத் தள்ளிவிட்டு, நிற்காமல் பறந்துவிட்டது. நம்பரைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. வாய்க்காலோரம் கிடந்த அந்த மனிதரைத்தான் பார்த்தேன்.

ஐம்பது வயதிருக்கும். தென்னந்தோப்பில் வேலை பார்ப்பவர் என்று பிறகு தெரிந்தது. கால் ஒரு பக்கமாக மடங்கிக் கிடந்தது. துப்பட்டாவை எடுத்து அவர் தலையில் கட்டினேன். 108-க்கு போன் செய்தேன். ஆம்புலன்ஸ் பின்னாலேயே ஆஸ்பத்திரி வரைக்கும் போனேன். அங்கே இருந்த ஏட்டு என் பெயரையும் வண்டி நம்பரையும் கேட்டார். சாட்சிக்காக என்று நினைத்து, ஒன்றுக்கு இரண்டு தடவை தெளிவாகச் சொல்லிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வந்தது. ஆர்.சி. புக்கும் லைசென்ஸும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள்.

"எதுக்கு சார்?"

"நீங்கதான் இடிச்சிட்டீங்கன்னு கேஸ் ஆயிருக்கு டீச்சரம்மா."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பால் வேனைப் பற்றிச் சொன்னேன். எஸ்.ஐ. தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "அந்த வேன் நம்பர் என்ன?" என்றார். தெரியாது என்றேன். "அப்ப எந்த வண்டின்னு எழுதுறது? உங்க வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குல்ல?" என்றார். வெளியே நிறுத்தியிருந்த என் ஸ்கூட்டரை ஒருவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பள்ளி கேட்டில் உரசி முன் மட்கார்டில் விழுந்த பழைய கீறல் ஒன்று இருந்தது. அதை விபத்தில் ஏற்பட்ட சேதம் என்று எழுதிக்கொண்டார்.

வக்கீலிடம் போனேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி அவர் பேசினார். "நீங்க இடிச்சீங்களா இல்லையாங்கிறது இப்ப விஷயமே இல்ல டீச்சர். ஒத்துக்கிட்டா ஒரே நாள், அபராதத்தோட முடிஞ்சிரும். நடத்துறதுன்னா வாய்தா வாய்தாவா அலையணும்."

"இடிக்கலையே சார்."

"நான் நம்புறேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

நடத்துவோம் என்றேன். ஒன்றரை வருஷம் அலைந்தேன். ஒரு நாள் மாஜிஸ்ட்ரேட் லீவு. ஒரு நாள் ஏட்டு வரவில்லை. இன்னொரு நாள் கோப்பைக் காணவில்லை. கோர்ட் வராந்தாவில் பினாயில் வாடையும் மூத்திர வாடையும் கலந்து அடிக்கும். அந்த வாடையில் உட்கார்ந்துதான் பார்த்தேன், ஒப்புக்கொள்வது அங்கே ஒரு வியாபாரமாக நடந்தது. அடிதடி கேஸில் சிக்கிய கொத்தனார் ஒருவர், சண்டை நடந்த அன்றைக்குத் தான் ஒட்டன்சத்திரத்தில் வேலையில் இருந்ததாகச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். "அதெல்லாம் இருக்கட்டும், ஆமான்னு சொல்லிட்டுப் போய்யா, வேலையைப் பாரு" என்றார் அவருடைய வக்கீல். அவரும் உள்ளே போய் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் திரும்பிக்கொண்டேன். இவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்துவிட்டாரே என்று அவர்மேல்தான் அன்றைக்குக் கோபப்பட்டேன்.

ஒரு வாய்தாவுக்கு அடிபட்டவரும் வந்திருந்தார், கையில் ஊன்றுகோலுடன். மனைவி டீ வாங்கப் போன நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், அது பால் வண்டிதேன். எனக்குத் தெரியும்."

"அதை உள்ளே வந்து சொல்லுங்க" என்றேன்.

"சொன்னா எனக்கு நஷ்டஈடு நின்னு போகும். இந்தக் காலை வச்சுக்கிட்டுத் தோப்புக்குள்ள என்ன வேலை பாக்க முடியும், சொல்லுங்க. எங்க வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது. நீங்கதேன் இடிச்சதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கா." குரலைத் தாழ்த்தினார். "இன்சூரன்ஸ்காரன்தேன் குடுக்கப்போறான். உங்க கைக்காசு ஒண்ணும் போகாது. செத்த பெரிய மனசு பண்ணுங்க டீச்சர்."

அவர் தலையில் கட்டுப் போட்ட கை இது. அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், அவர்மேல் பட்டுவிடக் கூடாது என்று. அவர்மேல் அப்படி ஓர் அருவருப்பு. அதைவிட மோசம், அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறதோ என்று என் மனசு ஒரு நிமிஷம் கணக்குப் போட்டுப் பார்த்தது.

அந்த வருஷம் லீவெல்லாம் தீர்ந்துபோனது. பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் முடியவில்லை. வீட்டில் என் கணவர், "இன்னும் எத்தன நாளைக்கு? ஒத்துக்கிட்டு வந்துரு, அம்புட்டுதானே" என்று தட்டில் சோற்றைப் பிசைந்தபடி சொன்னார். அடுத்த வாய்தாவுக்குப் போகும்போதே முடிவு செய்துவிட்டேன்.

கூண்டில் ஏறி நின்றேன். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள்.

"ஆமாங்கய்யா."

"யாரும் வற்புறுத்தினாங்களா?"

வராந்தாவையும் வக்கீலையும், எஸ்.ஐ.யையும், ஊன்றுகோலையும், வீட்டுச் சாப்பாட்டுத் தட்டையும் நினைத்துக்கொண்டேன். "இல்லைங்கய்யா" என்றேன். மாஜிஸ்ட்ரேட் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கவே அதைவிட அதிக நேரம் பிடிக்கும். வெளியே வந்ததும் வக்கீல் கை குலுக்கினார். குழாயடியில் போய் வாயைக் கொப்பளித்தேன். கசப்பு போகவில்லை. ஒப்புக்கொண்டது ஒரு பொய், யாரும் வற்புறுத்தவில்லை என்றது இன்னொரு பொய். இரண்டாவதுதான் என்னை அதிகம் அரித்தது. கேட்டவருக்கும் அது பொய் என்று தெரிந்திருக்கும்.

சில மாதம் கழித்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பழம் வாங்கிக்கொண்டிருந்தேன். அடிபட்டவரின் மனைவி என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். கூட இன்னொரு அம்மா. நஷ்டஈடு வந்துவிட்டதாம், வீட்டோரமாகச் சின்னதாய் ஒரு பெட்டிக்கடை போட்டிருக்கிறார்களாம். சந்தோஷமாகச் சொன்னார். பிறகு கூட வந்தவரிடம் திரும்பினார்.

"இந்த டீச்சர்தேன் நம்ம வீட்டுக்காரர இடிச்சது. ஆனா தங்கமான மனுசி. இடிச்சிட்டு ஓடாம, ஆஸ்பத்திரியில கொண்டாந்து சேத்து, கோர்ட்டுலயும் மறைக்காம ஒத்துக்கிட்டாங்க. யாருக்கு வரும் அந்த மனசு?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். எப்படியோ ஒரு சிரிப்புத்தான் வந்தது. நல்ல டீச்சர் சிரிக்கிற சிரிப்பு. அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், நான் சிரித்தபடியே நின்றேன்.