எங்கள் ஃப்ளாட்டில் குவாரி இல்லை

கல் குவாரியில் பதினொன்றரைக்குச் சங்கு ஊதும். சில நிமிடத்தில் வெடி. ஊரப்பாக்கத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் குடியிருப்பில் ஜன்னல் கண்ணாடி அதிரும். குவாரிக்கு அதைவிடப் பக்கத்தில் என் மகளின் பிளே ஸ்கூல். சங்கு கேட்டதும் அந்த மூன்று வயதுக் குழந்தைகள் எல்லாம் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொள்வதை ஒருநாள் வாசலில் நின்று பார்த்தேன். அன்றைக்குத்தான் குடியிருப்போர் குழுவில் சேர்ந்தேன்.

குழு கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. குவாரியின் குத்தகை எந்தத் தேதி வரை, எவ்வளவு ஆழம் வெட்டலாம், அந்த உத்தரவின் நகல். யாரும் காட்டவில்லை. எம்.காம். படித்தவள் என்று தகவல் அறியும் உரிமை மனு எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். கிராமம், சர்வே எண் எல்லாம் எப்படிக் குறிப்பிடுவார்கள் என்று தெரிந்துகொள்ள, பீரோவிலிருந்து எங்கள் ஃப்ளாட் பத்திரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். எழுதியதை நான்கு முறை படித்தேன். கட்டணத்துக்கான கோர்ட் ஃபீ வில்லை நேராக ஒட்டியிருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன்.

பதில், நாங்கள் இதைப் பேசுவதாக இருந்த கிராம சபைக்கு மூன்று நாள் முன்னால் வந்தது. மேற்படி சர்வே எண்ணில் குவாரி குத்தகை எதுவும் வழங்கப்படவில்லை.

குத்தகையே இல்லையா! குழுவுக்குச் சொல்லப் போனை எடுத்தேன். வழக்கம்போல் என் மேலேயே சந்தேகம். பத்திரத்தைத் திறந்தேன். மனுவில் நான் எழுதியிருந்தது எங்கள் ஃப்ளாட் நிற்கும் மனையின் எண்.

இந்தச் சபையை விட்டால் அடுத்ததற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் வாசலில் மீன் விற்கும் அக்கா. கோவளத்திலிருந்து குவாரி வழியாகத்தான் ஸ்கூட்டியில் வருவார்.

“இன்னாம்மா, வூட்ல எதுனா பேஜாரா?”

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சிரித்தார்.

“உன் வூட்டத் தோண்ட எவனுக்கும் பர்மிஷன் குடுக்கல. எழுதியே குடுத்துட்டான், நிம்மதியா இரு.”

“கிண்டல் பண்ணாதீங்கக்கா. சபைல என்ன பேசுவேன்?”

“நம்பருதானே? குவாரி கேட்டாண்ட போர்டு கீது. கொடி மூடிகினு கீது, அவ்ளோதான்.”

குவாரி வாசலில் குத்தகை விவரப் பலகை வைக்க வேண்டும் என்ற விதி குழுவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாங்கள் தூசிக்குப் பயந்து கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்த இடத்தைக் கடப்பவர்கள்.

மறுநாள் காலை கணவர் கொடியை விலக்க, நான் படம் எடுத்தேன். முதல் இரண்டு படம் மங்கல். சர்வே எண் இருந்தது. கீழே, குத்தகை முடியும் தேதி. மார்ச்சோடு முடிந்திருந்தது. வருடத்தை மட்டும் கணவரை இரண்டு முறை வாசிக்கச் சொன்னேன்.

சபையில் முதலில் என் தவறைச் சொன்னேன். சிரித்தார்கள். அப்புறம் படத்தைக் காட்டினேன். வெடியை நிறுத்தி ஆய்வு செய்யக் கோரித் தீர்மானம் எழுதினார்கள். இரண்டு வாரத்தில் அதிகாரிகள் வந்து கேட்டைப் பூட்டி சீல் வைத்தார்கள்.

குத்தகையைப் புதுப்பித்துவிட்டால்? அந்தப் பயம் போகவில்லை. சரியான எண்ணோடு இன்னொரு மனு போட்டிருக்கிறேன். ஆனால் இன்று பதினொன்றரைக்கு பிளே ஸ்கூல் வாசலில் நின்றேன். சங்கு இல்லை. என் மகள் இரண்டு கையாலும் களிமண் பிசைந்துகொண்டிருந்தாள்.