நாலு மரத்துக்குள் ஓர் அடவி

"காடே இல்லாத ஊர்ல காட்டேரி எங்கேயிருந்துடீ வந்தா?" என்று சிரித்தாள் என்னுடன் ஆசிரியர் பயிற்சி படிக்கும் சரோஜா. அவளைக் குறை சொல்ல மாட்டேன். போன வருஷம் வரை நானும் அப்படித்தான் சிரித்தேன். பட்டுக்குச் சாயம் போடும் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அடவி என்றால் அடர்ந்த காடு, அணங்கு என்றால் வருத்தும் தெய்வம், காட்டேரி என்றால் காட்டில் திரிபவள் என்று பொருள் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள். எனக்கு அவையெல்லாம் வெறும் சொற்கள்.

மாகறலில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவதற்கு ஏழாம் மாதம் வந்ததும், காட்டேரிக்குப் படையல் வைக்க அவள் மாமியார் எங்களை வயல் நடுவே இருந்த தோப்புக்குக் கூட்டிப் போனார். இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கத்து மாடு தெரியும். அதற்குப் பெயர் வனமாம்.

"நாலு மரத்துக்கு வனமா அத்தை?"

"படிச்ச வாய மூடிக்கினு வாம்மா. படையல வெச்சிட்டு உங்கக்கா திரும்பாம அந்தப் பக்கமா வெளிய போவணும். யாரும் அவளத் தொடக்கூடாது."

பட்டப்பகல். அக்கா படையலை வைத்துவிட்டு நடந்தாள். விழுந்துவிடுவாளோ என்று நானும் எட்டியே பின்னால் போனேன். நம்பினால் நம்புங்கள், தோப்பு முடியவில்லை. வெயில் போய்விட்டது, வயலும் மாடும் போய்விட்டன, கட்டிப்பிடிக்க முடியாத அடிமரங்கள், தலைக்கு மேல் வானமே இல்லை, எங்கோ தண்ணீர் விழும் சத்தம், ஈர மண் வாசனை. பயம் வரவில்லை. இத்தனை நாள் ஒப்பித்த சொல்லுக்குள் நடந்துகொண்டிருக்கிறேன் என்று நெஞ்சு விம்மியது. வேர்களுக்கு மேல் அக்கா ஒரு கையை நீட்டியபடி, வழுக்காமல் போய்க்கொண்டிருந்தாள்.

வெளியே வந்தால் அதே வெயில், அதே மாடு.

"நல்ல வேள, நீ கையப் புடிச்சிக்கினு வந்தே. இல்லாங்காட்டி விழுந்திருப்பேன்" என்றாள் அக்கா.

நான் அவளைத் தொடவே இல்லை. அவள் உள்ளங்கையில், யாரோ விரல் பதித்து அழுத்தியதுபோல், நீளநீளமாகப் பச்சைக் கறை.

அப்பா சோடா உப்பு, எலுமிச்சை என்று எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்தார். "இது நம்ம சாயம் இல்லம்மா" என்று அவள் கையை விட்டுவிட்டார். குழந்தை பிறந்த அன்று கறை தானாகவே போயிருந்தது. பெண் குழந்தை, நன்றாக இருக்கிறாள். அணங்கு என்றால் வருத்துகிறவள் என்றுதானே எனக்குப் பொருள் சொல்லிக்கொடுத்தார்கள்? அப்படியானால் கைபிடித்து நடத்தியது யார்? கறை இருந்தபோது ஒருநாள் அதன்மேல் என் விரல்களை வைத்துப் பார்த்தேன். என் விரல்கள் பாதிக்குக்கூட எட்டவில்லை.

சரோஜா இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள், பஸ்ஸில், என் பக்கத்து இருக்கையில். மாகறலுக்கு இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டேன்.